சைக்கிளும் மோட்டார் சைக்கிளும்: பூமியதிர்ச்சி பற்றிச் சில கேள்விகள்

கல்லடியிலிருந்து: சேர், சுமாத்திராவில் அதிர்ந்தது என்று சில நிமிடத்திலேயே சொல்கிறார்களே, எப்படி?

பாறை உடையும்போது இரண்டு அலைகள் ஒன்றாகப் புறப்படும் தம்பி. பாறையை நெருக்கித் தள்ளிக்கொண்டு முந்தி வருவது பி அலை. பூமியின் மேலோட்டில் அதன் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 6 கிலோமீற்றர். குறுக்காக உலுக்கிக்கொண்டு பிந்தி வருவது எஸ் அலை, ஏறத்தாழ 3.5.

கல்லடிப் பாலத்திலிருந்து ஒரு மோட்டார் சைக்கிளும் ஒரு சைக்கிளும் ஒரே நேரம் கல்முனைக்குக் கிளம்புகின்றன என்று வையுங்கள். காத்தான்குடியில் நிற்பவர் சைக்கிளுக்காகக் கொஞ்சம்தான் காத்திருப்பார். களுவாஞ்சிக்குடியில் நிற்பவருக்கு அலுத்தே போகும். எப்போது கிளம்பினார்கள் என்று தெரியாமலே, அந்த இடைவெளியை வைத்துத் தூரத்தைச் சொல்லலாம். மேலே சொன்ன இரண்டு வேகங்களின்படி, இடைவெளியின் ஒவ்வொரு செக்கனுக்கும் ஏறத்தாழ 8 கிலோமீற்றர் தூரம் என்று பெருக்குங்கள்: 40 செக்கன் இடைவெளி என்றால் சுமார் 320 கிலோமீற்றர். ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் என்றால் அலைகள் ஆழத்துப் பாறை வழியே வேகமாகப் போகும். அங்கே இந்தப் பெருக்கல் உதவாது, எவ்வளவு தூரத்துக்கு அலை எவ்வளவு நேரம் எடுக்கும் என்று காட்டும் பயண நேர அட்டவணை வேண்டும்.

ஏறாவூர்: தூரம் சரி, திசை?

அதிர்வைப் பதியும் ஒரு நிலையத்தைச் சுற்றி, அந்தத் தூரத்தில் ஒரு வட்டம்தான் போடலாம். இரண்டு வட்டம் இரண்டு இடத்தில் வெட்டும், மூன்றாவது எது சரியென்று காட்டும். நமது அம்பாறைப் பக்கம் புத்தங்கலவிலும் ஒரு நிலையம் உண்டு. ஆனால் இலங்கை நிலையங்களை மட்டும் வைத்துச் சுமாத்திராவைத் தேடினால் வட்டங்கள் கிட்டத்தட்ட ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழப்பும். மறுபக்கத்து நாடுகளின் பதிவும் வேண்டும்.

அக்கரைப்பற்று: ஆழம் 10 கிலோமீற்றர் என்று அடிக்கடி வருகிறதே?

ஆழம் சரியாகப் பிடிபடாதபோது தற்காலிகமாகப் போடும் எண் அது. பதிவுகள் சேரச் சேர மாறும்.

நாவலடி: 2004 இல் சுனாமி வருமென்று ஏன் ஒருவரும் சொல்லவில்லை?

கண்டிப் பக்கம் பல்லேகலையிலுள்ள அதிர்வு பதியும் கருவிக்கு அதிர்வு நான்கு நிமிடத்துக்குள் வந்துவிட்டது. கடல் நம் கரைக்கு வர ஏறத்தாழ இரண்டு மணி நேரம் எடுத்தது. இடம் தெரிந்துவிட்டது. அளவைத்தான் முதலில் 8.0 என்று குறைத்து மதிப்பிட்டார்கள், பிறகு 9.1 ஆயிற்று. உடைவு 1,000 கிலோமீற்றருக்கும் மேல் நீண்டு, பல நிமிடம் தொடர்ந்தது. முதல் சில நிமிடப் பதிவில் அதன் முழுப் பருமன் தெரியாது. அதைவிடப் பெரிய குறை, இந்து சமுத்திரத்துக்கு அப்போது எச்சரிக்கை அமைப்பே இருக்கவில்லை.

திருக்கோவில்: 2012 ஏப்ரல் 11 இல் 8.6 என்றார்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கடல் வரவில்லையே?

அன்று கடலடித்தளம் பக்கவாட்டில்தான் நழுவியது. தண்ணீரைப் பெரிதாக மேலே தூக்கவில்லை. அது பக்கவாட்டு நழுவலா மேலெழும்பலா என்று அலைகளின் வடிவத்தைப் பார்த்துச் சொல்ல இன்னும் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதுவரை காத்திருக்காமல் ஓடியதுதான் சரி, அக்கா.