அப்பாவின் கிளினிக் கொப்பியும் கம்பனியின் கடிதமும்

கேள்வி: பொகவந்தலாவைப் பக்கம் தோட்டமொன்றில் இருக்கிறோம். தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்த அப்பா 2021 மார்ச்சில் ஐந்து இலட்சம் ரூபாவுக்கு ஆயுள் காப்புறுதி எடுத்தார். 2024 நவம்பரில் மாரடைப்பால் தவறிவிட்டார். காப்புறுதி எடுக்கும் முன்பே அவருக்குச் சீனியும் பிரஷரும் இருந்தன, அதை மறைத்துவிட்டார் என்று கம்பனி பணம் தர மறுக்கிறது. அப்பாவின் கிளினிக் கொப்பியிலும் அந்த நோய்கள் பதிந்திருக்கின்றன. கட்டிய காசை மட்டும் திருப்பித் தருவதாகக் கம்பனி ஒரு படிவம் அனுப்பி, அம்மாவின் கையொப்பம் கேட்கிறது. அப்போது விண்ணப்பத்தை நிரப்பிய ஏஜென்ட் எனக்கு மாமா முறை. குளிசை போடுவதை அப்பா அவரிடம் சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன். "அதெல்லாம் எழுதத் தேவையில்லை மச்சான்" என்றார். இப்போது, சீனி 2022இல்தான் வந்தது என்று டொக்டர் கடிதம் எடுத்துத் தருவதாக டவுனில் ஒருவர் காசு கேட்கிறார். என்ன செய்வது?
– மகள், பொகவந்தலாவை

பதில்: அன்புத் தங்கைக்கு, அம்மா அந்தப் படிவத்தில் கையெழுத்து வைக்க வேண்டாம். இன்றைக்கே சொல்லிவிடுங்கள். இப்படியான படிவங்களில் "இதை முழுமையான, இறுதித் தீர்வாக ஏற்றுக்கொள்கிறேன்" என்ற அர்த்தத்தில் ஒரு வரி இருக்கும். கையெழுத்து விழுந்தால், கட்டிய காசை வாங்கிக்கொண்டு ஐந்து இலட்சத்தைக் கைவிட்டதாகிவிடும். மரணம் நடந்த வீட்டில் யார் எந்தத் தாளை நீட்டினாலும் கையெழுத்து வைத்துவிடுகிறார்கள். அந்த நேரத்தில் இதை அனுப்பி வைப்பது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

அப்பாவுக்குச் சீனி இருந்ததா என்பதைப் பிடித்துக்கொண்டு நீங்கள் கவலைப்படுகிறீர்கள். இருந்தது, கிளினிக் கொப்பியிலேயே இருக்கிறது. வழக்கு நிற்கப்போவது வேறு இடத்தில். 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்க காப்புறுதிக் கைத்தொழிலை ஒழுங்குபடுத்தும் சட்டம், ஆயுள் காப்புறுதிக்கு இரண்டு வருட எல்லையொன்றை வைத்திருக்கிறது. அந்த எல்லைக்குள் என்றால், முக்கியமான விடயமொன்று விண்ணப்பத்தில் பிழையாக இருந்தது என்பதே கம்பனிக்குப் பெரிய பிடி. இரண்டு வருடம் தாண்டிவிட்டால் அது மட்டும் போதாது. பொய்யென்று தெரிந்துகொண்டே, ஏமாற்றும் எண்ணத்தோடு அப்பா அதைச் சொன்னார் அல்லது மறைத்தார் என்று கம்பனிதான் காட்ட வேண்டும். உங்கள் அப்பா இறந்தது மூன்றரை வருடத்துக்கும் மேலான பிறகு. மறுப்புக் கடிதத்தை மறுபடி வாசியுங்கள். நோய் இருந்தது என்று மட்டும் எழுதியிருக்கிறார்களா, மோசடி என்று சொல்லி அதற்கு ஆதாரமும் காட்டியிருக்கிறார்களா?

அடுத்து, அப்பா கையெழுத்திட்ட முன்மொழிவுப் படிவத்தின், அதாவது ஏஜென்ட் நிரப்பிய அந்த விண்ணப்பத்தின் பிரதியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். காப்புறுதிப் பத்திரத்தோடு சேர்த்தே தந்திருக்கவும் கூடும், அலுமாரியில் தேடுங்கள். படிவம் எந்த மொழியில் இருக்கிறது? அப்பாவுக்கு அந்த மொழி வாசிக்கத் தெரியுமா? நோய் பற்றிய கேள்விகளுக்கு எதிரே உள்ள எழுத்து யாருடையது? தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்த மனிதரிடம் வேறு மொழிப் படிவத்தைக் கொடுத்து, கோடு போட்ட இடத்தில் கையெழுத்து வாங்கியிருந்தால், அவர் திட்டமிட்டு ஏமாற்றினார் என்று சொல்வது அவ்வளவு சுலபமில்லை. ஆனாலும் கையெழுத்துக்குப் பாரம் உண்டு. "கையெழுத்து வைத்தவரே பொறுப்பு" என்றுதான் கம்பனி வாதாடும், அந்த வாதத்தை லேசாக எடுக்க முடியாது. காப்புறுதி தரும்போது இரத்தப் பரிசோதனை செய்திருந்தால் அந்த அறிக்கையையும் கேளுங்கள்.

இன்னொன்று. இடையில் தவணை கட்டாமல் காப்புறுதி காலாவதியாகி, பிறகு புதுப்பித்தீர்களா? சம்பளம் குறைந்த மாதங்களில் தோட்டத்தில் இது சாதாரணமாக நடப்பது. புதுப்பிக்கும்போது உடல்நலம் பற்றி இன்னொரு தாளில் கையெழுத்து வாங்குவார்கள். கம்பனி அதையும் எடுத்துக்கொண்டு வரும். அதனால் நீங்கள் முன்கூட்டியே பார்த்து வைத்திருக்க வேண்டும்.

மாமா விடயம் கஷ்டமானதுதான். ஒரே தோட்டம், நாளைக்கும் முகத்தில் முழிக்க வேண்டும். அதற்காக இறந்த மனிதர் மேல் பொய்யர் என்ற பெயரை விட்டுவைக்க முடியுமா? அம்மாவோடு போய் அவரிடமே பேசுங்கள். அப்பா சொன்னதை எழுதித் தரச் சொல்லுங்கள். தந்தால் அது பெரிய பலம். தராவிட்டாலும் நீங்கள் நேரில் கேட்டவர். எந்த நாள், எந்த இடம், யார் யார் இருந்தார்கள், என்ன பேச்சு நடந்தது என்று நினைவிருக்கும்போதே எழுதி வையுங்கள். மாமாவைக் காப்பாற்றுவதற்காக அந்தப் பேச்சை விட்டுவிட்டு முறைப்பாடு எழுதினால், முறைப்பாட்டில் சொல்ல அதிகம் மிஞ்சாது.

டவுன்காரருக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். ஆஸ்பத்திரிப் பதிவுகளைக் கம்பனி பார்த்துவிட்டுத்தான் பேசுகிறது. அதற்கு எதிராக ஒரு பொய்க் கடிதம் போனால், இதுவரை உண்மை சொன்ன உங்கள் குடும்பமே மோசடிக் குற்றத்தில் மாட்டும். கிளினிக் கொப்பியையும் ஒளிக்க வேண்டாம். அரசாங்கக் கிளினிக்குக்கு எல்லாருக்கும் தெரியத்தான் அப்பா போய் வந்தார். ஒளிக்க நினைத்த மனிதர் அப்படிப் போவாரா என்று நீங்கள் கேட்கலாம்.

இதையெல்லாம் வைத்து முதலில் கம்பனியின் தலைமை அலுவலகத்துக்கு மேன்முறையீடு எழுதுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, துண்டைப் பத்திரப்படுத்துங்கள். அவர்கள் மறுபடி மறுத்தால் கொழும்பிலுள்ள காப்புறுதி ஒம்புட்ஸ்மனுக்கு, அதாவது கம்பனிகள் மீதான முறைப்பாடுகளை விசாரிப்பவருக்கு எழுதலாம், கட்டணம் இல்லை. இலங்கை காப்புறுதி ஒழுங்குமுறைப்படுத்தல் ஆணைக்குழுவிடமும் முறையிடலாம். அது அரச நிறுவனம் என்பதால் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பே உங்களுக்கு உரிமை தந்திருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதித் தர ஆள் தேடிக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. அதிலும் சரிவராவிட்டால் நீதிமன்றம் இருக்கிறது. வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இலவசமாக ஆலோசனை தரும், தகுதியிருந்தால் வழக்கும் பேசும். காலக்கெடு இருப்பதால் வருடக்கணக்கில் இழுக்க விடாதீர்கள்.

கடைசியாக, அப்பாவின் ஊழியர் சேமலாப நிதிக்கும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கும் இந்தப் பிரச்சினைக்கும் சம்பந்தமே இல்லை. வேலையில் இருக்கும்போது இறந்த அங்கத்தவரின் குடும்பத்துக்கு நம்பிக்கை நிதியில் மரணக் கொடுப்பனவு ஒன்றும் உண்டு. காப்புறுதிக் காசு வரட்டும் என்று காத்திருக்காமல், மரணச் சான்றிதழையும் அப்பாவின் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு அம்மாவோடு இந்த வாரமே தோட்டத்து ஒபீசுக்குப் போய் அந்தப் படிவங்களைக் கேளுங்கள்.