குசினி வரை வரும் பெட்ரோல் வாடை

கேள்வி: ஐயா, செம்பனைத் தோட்டத்தில் காண்ட்ராக்ட் எடுத்துப் புல் வெட்டுகிறேன். மிஷினுக்கான பெட்ரோலை ஒரு பழைய சமையல் எண்ணெய்த் தோம்பிலும், மூடி தொலைந்த ஒரு கேனிலும் குசினிக் கதவுக்கு வெளியே வைத்திருக்கிறேன். வீடெல்லாம் வாடை என்று மனைவி சண்டை பிடிக்கிறார். இந்த இரண்டு கேனாலா காற்று கெட்டுவிடும்? புது கேன் தண்டச் செலவில்லையா?
- வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: தம்பி, இந்தச் சண்டையில் நான் உங்கள் மனைவி பக்கம்.

மூடி தொலைந்த கேனின் வாயில் பிளாஸ்டிக் பையைச் சுருட்டித் திணித்து ரப்பர் பேண்ட் போட்டிருப்பீர்கள். தோட்டத்து ஸ்டோரில் மிஷின் ரிப்பேர் பார்த்த காலத்தில் நானும் அதைத்தான் செய்தேன். காலையில் கதவைத் திறந்தால் தலை கிறுகிறுக்கும். மாதக் கடைசியில் கிராணியிடம் கணக்குச் சொன்னால் பெட்ரோல் குறையும். பாவம், ஒரு பையனைத் திருடன் என்று சந்தேகப்பட்டேன். திருடியது தகரக் கூரை வெயில்.

நீங்களே பாருங்கள். கேனில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு, தொடாமல் வைத்து, ஒரு வாரம் தினமும் காலை ஒரே நேரத்தில் கவனியுங்கள். மத்தியானம் பார்க்காதீர்கள், சூட்டில் பெட்ரோல் விரிந்து ஏமாற்றும். இன்னொன்று, முதலில் பறப்பது எளிதில் பற்றும் பகுதிதான். அது போனபின் மிஷின் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்தான் வலிக்கும்.

சரி, மூடியை இறுக்கினால் போதுமா? பாதிதான். சாதாரண பிளாஸ்டிக் கேனின் சுவர் வழியாகவே ஆவி கசியும். துடைத்தால் துணியில் ஒன்றும் ஒட்டாது, வாடை மட்டும் வரும். அதனால்தான் கலிபோர்னியாவில் 2001லிருந்தும், அமெரிக்கா முழுவதும் 2009லிருந்தும் புது பெட்ரோல் கேன்களுக்குக் கட்டுப்பாடு வைத்தார்கள். அங்கே ஒரு கேலன் கொள்ளளவுக்கு ஒரு நாளில் 0.3 கிராம் ஆவிக்கு மேல் வெளியேறக்கூடாது. சுவரில் ஆவியைத் தடுக்கும் பூச்சு, கையை எடுத்தால் தானே மூடிக்கொள்ளும் குழாய், தனிக் காற்றுத் துளை கிடையாது. நீங்கள் கடையில் கேட்க வேண்டியதும் இதுதான்.

அந்த ஆவியில் பென்சீன் இருக்கிறது, இரத்தப் புற்றுநோய்க்குக் காரணமாகக் கூடியது. அதே பெட்ரோல் ஆவி மோட்டார் புகையோடு வெயிலில் சேர்ந்தால் ஓசோன் என்ற மாசு வாயு உண்டாகும். நம் நாட்டுக் காற்று மாசைக் காட்டும் ஐ.பி.யு. குறியீட்டில் அதையும்தான் அளக்கிறார்கள். புகைமூட்டம் வந்தால் சுமத்ராவின் காட்டுத்தீயைக் கை காட்டலாம், இதற்கு யாரைக் காட்டுவது? உங்கள் லயத்தில் எத்தனை வீட்டில் புல்வெட்டு மிஷின் இருக்கிறது, எண்ணிப் பாருங்கள்.

செலவுக்குப் பயந்தால் 5 லிட்டரில் ஒன்றே ஒன்று வாங்குங்கள். மிஷினுக்காக எஞ்சின் எண்ணெய் கலந்த பெட்ரோலை ஒரு மாதத்துக்கு மேல் வைக்கவும் கூடாது. ஆனால் இடத்தை இன்றைக்கே மாற்றுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு ஊர்ந்து கேஸ் அடுப்பு வரை போகும். காலித் தோம்பைக் குப்பையோடு கொளுத்தாதீர்கள், தண்ணீர் பிடிக்கவும் வேண்டாம். காலியில்தான் ஆவி நிறைந்திருக்கும். மிச்சத்தைப் புது கேனுக்கு மாற்றும்போது வெட்டவெளியில், கேனைத் தரையில் வைத்து ஊற்றுங்கள். அப்போது வாயில் சிகரெட் வேண்டாம்.