முகம் காணாத சிநேகிதம்

கேள்வி: அக்கா, என்ர மகன் பள்ளிக்கூடம் விட்டு வந்தா மைன்கிராஃப்ட் எண்ட ஒன்லைன் விளையாட்டுத்தான், அதுக்குள்ள கனடாப் பெடியன் ஒராளோட சேர்ந்து ஊர் கட்டுறானாம். காணாத ஆளோட என்ன சிநேகிதம்? (தாய் ஒருவர், தருமபுரம்)

பதில்: தங்கச்சி, உங்கட பயம் விளங்குது, ஆனா அது மெய்யான சிநேகிதமாவும் இருக்கலாம். நோர்வேயில மட்ஸ் ஸ்டீன் எண்டு ஒரு பெடியன், தசை மெலியிற வருத்தம், வீல்செயார், வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட் எண்ட ஒன்லைன் விளையாட்டுத்தான் அவன்ர உலகம், பிள்ளை தனிச்சுப்போனான் எண்டு தாய் தகப்பன் கவலைப்பட்டுக்கொண்டே இருந்தவை, 2014ல 25 வயசில அவன் செத்தாப்பிறகு பாத்தா அவனோட விளையாடின ஆக்களிட்ட இருந்து எங்கெங்க இருந்தெல்லாமோ ஈமெயில் வருது, வேற நாட்டில இருந்து சிலபேர் செத்தவீட்டுக்கே வந்தவை. அவன் அந்த விளையாட்டுக்குள்ள எத்தினை பேருக்கு ஆறுதலா இருந்திருக்கிறான் எண்டு அப்பத்தான் பெத்ததுகளுக்கே தெரிஞ்சுது!

ஒண்டாக் கட்டுறது, விட்டுக்குடுக்கிறது, ஒருநாள் வராட்டி ஏன் வரேல்லை எண்டு தேடுறது, இதுதானே சிநேகிதம். மகனுக்குப் பக்கத்தில இருந்து அந்த ஊரைக் காட்டச் சொல்லிப் பாருங்கோ, அந்தப் பெடியனோட நீங்களும் கதையுங்கோ. படம், விலாசம், போன் நம்பர் ஒண்டும் குடுக்கவேண்டாம். காசு கேட்டாலோ, அம்மாட்டச் சொல்லாத எண்டு சொன்னாலோ உடன நிப்பாட்டிப்போடுங்கோ.