உங்களை அசர வைத்த டார்ச் லைட்டுகள் எவை? இப்போது ஒன்று வாங்குவதானால் எதை வாங்கலாம்?

கேள்வியைப் படித்துவிட்டுப் பேசாமல் போயிருப்பேன். எனக்கு முன்னால் பதில் எழுதியவர், "மொபைலிலேயே லைட் இருக்கிறதே, டார்ச்சுக்கெல்லாம் இன்னுமா காசு போடுகிறார்கள்?" என்று கேட்டிருக்கிறார். இந்த வாக்கியத்தை என் வீட்டில் உம்மா, மனைவி, மச்சான் என்று முறை வைத்துச் சொல்லிக் கேட்டாயிற்று. இங்கேயும் அதுவா? அதனால்தான் உட்கார்ந்துவிட்டேன். நீளமாகத்தான் போகும்.

எனக்கு ஊர் வேதாளை. மண்டபத்துக்குக் கொஞ்சம் முன்னால், மன்னார் வளைகுடாப் பக்கம். வாப்பா நாட்டுப்படகில் நண்டு வலைக்குப் போகிறவர். நான் எலக்ட்ரீஷியன், ஷார்ஜாவில் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டு ஊரோடு வந்துவிட்டேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் சொல்வதெல்லாம் கடலை வைத்துச் சொல்வது. மலை ஏறுகிறவர்களும் காட்டில் வேலை பார்க்கிறவர்களும் வேறு மாதிரி சொல்லக்கூடும். அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

முதலில் அசர வைத்தது வாப்பாவின் எவரெடிதான். மூணு கட்டை லைட், அதாவது மூணு பேட்டரி போடுவது. பித்தளை உடம்பு, மேலே பளபளவென்று பூச்சு. எங்கள் தெருவில் ரெண்டு கட்டை வைத்திருந்தவர்கள் பலர், மூணு கட்டை வைத்திருந்தவர்கள் சிலர். அஞ்சு கட்டை ஒரே ஒருவரிடம் இருந்தது, அவரும் துபாய்க்காரர். வாப்பா அதைப் பிடித்த பிடியாக எரியவிட மாட்டார். மின்னல் வெட்டுகிற மாதிரி ஒரு அடி அடித்து, பார்க்க வேண்டியதைப் பார்த்துக்கொண்டு, உடனே அமத்திவிடுவார். கட்டை மிச்சம் ஆகவேண்டுமே! ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது, ஆங்கிலத்தில் இதற்கு ஃப்ளாஷ் லைட் என்று பெயர் வந்ததே இப்படித்தான் என்று. 1899-ல் டேவிட் மிசெல் என்பவர் காப்புரிமை வாங்கின காலத்தில், பல்பும் பேட்டரியும் தொடர்ந்து எரியத் தாங்காது. விட்டுவிட்டுத்தான் அடிக்க முடியும். வாப்பாவுக்கு மிசெலைத் தெரியாது, பேட்டரி விலை தெரியும்.

மங்கிப்போன கட்டைகளை உம்மா ஓட்டின்மேல் வெயிலில் காயப்போடுவார். இதைச் சிரிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தக் காலத்து துத்தநாகக் கட்டை சும்மா ஓய்ந்து கிடந்தாலே கொஞ்சம் உயிர் திரும்பும், சூடும் சேர்ந்தால் இன்னும் கொஞ்சம். ஒரு ராத்திரிக்கு வரும். இன்றைக்கு லித்தியம் செல்லை அப்படி வெயிலில் போட்டுவிடாதீர்கள், அது வேறு கதை.

அப்புறம் ஷார்ஜா. நான் இருந்த கட்டடத்தில் நேபாளத்து வாட்ச்மேன் ஒருவர் மாக்லைட் வைத்திருந்தார், கனமான கட்டை போட்டது. கறுப்பு அலுமினிய உடம்பு, கதவைத் தட்டினால் உலக்கையால் தட்டின மாதிரி இருக்கும். அவர் ஊருக்குப் போகும்போது கெஞ்சி விலைக்கு வாங்கினேன். வால் மூடியைத் திருகிப் பார்த்தால் உள்ளே ஒரு உபரி பல்பு! அதைப் பார்த்த அன்றைக்கு ராத்திரிதான் நான் இந்த வியாதிக்குள் விழுந்தேன் என்று நினைக்கிறேன். பல்பு ஒருநாள் போகும் என்று முன்கூட்டியே நினைத்த ஆள் எவ்வளவு நல்லவனாக இருப்பான்! அந்த ஆள் அந்தோணி மாக்லிகா. பிறந்தது நியூயார்க், ஆனால் வளர்ந்தது குரோவேஷியாவில் ஸ்லாரின் என்ற சின்னத் தீவில். கடற்கரைக்காரர், நம்ம ஆள்! 1979-ல் மாக்லைட்டைக் கொண்டுவந்தார். தலையைத் திருகினால் ஒளி குவியும், விரியும். அதுவரை டார்ச் என்றால் கடையில் தொங்குகிற சாமான். டார்ச்சையும் ஒரு கருவியாக மதிக்கலாம் என்று காட்டியது அதுதான்.

அதற்கடுத்து ஷூர்ஃபயர் 6பி. எண்ணெய்க் கம்பெனி இன்ஸ்பெக்டர் ஒருவர் தளத்துக்கு வந்தபோது சட்டைப்பையில் வைத்திருந்தார். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் நீளம்தான், என் மாக்லைட்டின் முகத்தில் கரி பூசிவிட்டது. 65 லுமன் (வெளிச்சத்தின் அளவு). இன்றைக்கு இது யாருக்கும் ஒரு எண்ணாகவே தெரியாது. ஆனால் அவ்வளவு சின்ன உடம்பிலிருந்து அந்த வெள்ளை வந்ததைப் பார்க்கவேண்டும். குறை என்னவென்றால் அதற்கு சிஆர்123 என்ற லித்தியம் செல் இரண்டு வேண்டும், ஒரு மணி நேரத்தில் இரண்டையும் தின்றுவிடும். செல் விலையைக் கேட்டதும், "ரொம்ப நல்ல லைட் சார்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஷூர்ஃபயர் பக்தர்கள் சண்டைக்கு வரவேண்டாம், என் சம்பளம் அப்படி.

எல்இடி வந்ததும் ஆட்டமே மாறியது. ஜப்பானில் நிச்சியா கம்பெனியில் ஷூஜி நாகமுரா 1993-ல் பிரகாசமான நீல எல்இடியைக் கொண்டுவந்தார். அதன்மேல் மஞ்சள் பாஸ்பர் என்ற ஒளிரும் பொடியைப் பூசினால் வெள்ளை. 2014-ல் அகாசாகி, அமானோ ஆகியோரோடு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இருந்தாலும் ஆரம்ப எல்இடி டார்ச்சுகள் பிணத்து முகத்தில் அடித்த மாதிரி ஒரு நீல வெளிச்சம்தான் கொடுத்தன. 2006-ல் க்ரீ கம்பெனியின் எக்ஸ்ஆர்-ஈ என்ற எல்இடி வந்தது. ஃபீனிக்ஸ் கம்பெனி அதைப் போட்டு விற்ற லைட்டில், பெட்டிக்கடையில் கிடைக்கிற பென்சில் பேட்டரி இரண்டிலேயே வெளிச்சம் நூறு லுமனைத் தாண்டியது. பல்பு பியூஸ் போகும் என்ற பயமே போய்விட்டது. அதை வாங்கினேன். ஊருக்கு வந்தபோது மச்சான் "ஒரு ராத்திரிக்குக் கொடுங்க" என்று வாங்கிப் போனார். அது 2009. இன்னும் அந்த ராத்திரி விடியவில்லை.

சரி, இனிமேல்தான் நான் சொல்ல வந்த விஷயம்.

ஊரோடு வந்தபிறகு எமிசார் டி4 வரவழைத்தேன். 2017-ல் வந்த லைட். கைக்குள் அடங்கும், 18650 என்ற லித்தியம் செல் ஒரே ஒன்று, தலையில் நாலு எல்இடி. நாலாயிரம் லுமனுக்கு மேல் என்று பேச்சு. லைட் பைத்தியங்கள் உலகம் முழுக்கத் தலையில் வைத்துக் கொண்டாடியது. மொட்டை மாடியில் அடித்துக் காட்டினேன், தெருவே பகலாகி நாய்கள் எல்லாம் எழுந்து குரைத்தன. எனக்குப் பெருமை தாங்கவில்லை. "வாப்பா, இனிமே இருட்டுன்னு ஒண்ணு நமக்குக் கிடையாது" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. வாடைக்காலம் அது.

மறுநாள் பின்னிரவு மூன்று மணிக்கு அவரோடு நானும் போனேன். முந்தின சாயங்காலம் விட்டுவைத்த வலையின் போயாவை, அதாவது அடையாள மிதவையை, தேடிப் பிடிக்கவேண்டும். நிலா இல்லை. இடம் வந்துவிட்டது என்று வாப்பா எஞ்சினைக் குறைத்தார். நான் படகின் முன்பக்கம், அணியத்தில் நின்று டி4-ஐ உச்சத்தில் வைத்தேன்.

ஒன்றுமே தெரியவில்லை. எழும்பின நீர்த்திவலை அத்தனையும் வெள்ளைச் சுவராக எதிரே நின்றது. பைபர் படகின் வெள்ளை விளிம்பு பட்டுத் திரும்பிய வெளிச்சம் கண்ணைப் பறித்தது. பின்னால் வாப்பா கத்தினார்: "அமத்துடா அத! கண்ணு ரெண்டும் போச்சு!" இருட்டுக்குக் கண் பழக இருபது, முப்பது நிமிஷம் ஆகும். இரண்டு மணி நேரம் இருட்டில் வந்த மனுஷனின் கண்ணை நான் இரண்டு நொடியில் கெடுத்துவிட்டேன். அதற்குள் லைட் கொதிக்கிற கெண்டி மாதிரி சுட்டது, கையை உதறினேன், படகுக்குள் தேங்கின தண்ணீரில் விழுந்தது. விழுந்த இடத்தில் கிடந்து எரிந்தது, அது வேறு.

இங்கே பழைய மூணு கட்டை வந்து மானத்தைக் காப்பாற்றியது என்று எழுதினால் உங்களுக்குப் பிடிக்கும். அப்படி நடக்கவில்லை. அதை எடுத்து அடித்தார், எரியவில்லை. உப்பு உள்ளே ஏறிப் பச்சை பிடித்திருந்தது. மொபைலையும் எடுத்தோம், "மொபைலில் இருக்கிறதே" என்கிற அண்ணன் கவனிக்கவும். அது படகின் விளிம்பைத் தாண்டவில்லை. விடிகிற வரைக்கும் சும்மா ஆடிக்கொண்டு கிடந்துவிட்டு, வெளுத்ததும் பார்த்தால் போயா கூப்பிடு தூரத்தில் மிதக்கிறது.

அன்றைக்குத்தான் உட்கார்ந்து படித்தேன். லுமன் என்பது லைட் மொத்தமாகக் கொட்டுகிற வெளிச்சம். அது ஒரு திசையில் எவ்வளவு குவிந்து போகிறது என்பதுதான் கேண்டலா. தூரம் வேண்டுமானால் கேண்டலாவைப் பார்க்கவேண்டும். நல்ல கம்பெனிகள் எஃப்எல்1 என்ற 2009-ம் ஆண்டு அளவுமுறைப்படி தூரம் போடுவார்கள். வெளிச்சம் 0.25 லக்ஸாக (லக்ஸ் என்பது ஓரிடத்தில் வந்து விழுகிற வெளிச்சத்தின் அளவு) குறைகிற இடம்தான் அந்தத் தூரம், ஏறக்குறைய முழுநிலா வெளிச்சம். கணக்கு சுலபம்: கேண்டலாவின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்குங்கள். 10,000 கேண்டலா என்றால் 200 மீட்டர். 400 மீட்டர் வேண்டுமென்றால் 20,000 போதாது, 40,000 வேண்டும். அதிலும் பாதித் தூரத்தில்தான் மனிதக் கண்ணுக்குப் பொருள் உருப்படியாகத் தெரியும் என்பது என் அனுபவம்.

அடுத்து வாங்கினது கான்வாய் சி8. விலையில் டி4-க்குப் பாதிகூட வராது. ஒரே ஒரு சின்ன எல்இடி, அகலமான வழவழப்பான ரிஃப்ளெக்டர். கம்பு நீட்டின மாதிரி ஒளி போகும், பக்கத்தில் சிந்தாது. கூடவே போயாவில் லாரிக்குப் பின்னால் ஒட்டுகிற ஒளிர் டேப்பைச் சுற்றினேன். அந்த டேப் வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்பும். அதனால் லைட்டை இடுப்பில் பிடித்தால் பிரயோஜனமில்லை, கன்னத்தோடு ஒட்டிப் பிடிக்கவேண்டும். இப்போது ஒரு சுற்றுச் சுற்றினால் பூனைக் கண் மாதிரி போயா திரும்பிப் பார்க்கும்.

டி4-ஐக் குறை சொல்கிறேன் என்று வரிந்துகட்டாதீர்கள். அதையே ஆகக் குறைந்த வெளிச்சத்தில் வைத்து வலையிலிருந்து நண்டு கழற்றிப் பாருங்கள், அதைவிட நல்ல லைட் கிடையாது. இன்னொன்று, லைட் போட்டு மீன் பிடிப்பதை மத்திய அரசு 2017-ல் தடை செய்தது தெரியுமா என்று யாராவது கேட்பீர்கள். தெரியும். அது பெரிய எல்இடி விளக்கைக் கட்டி மீனைக் கூட்டுவது. நாங்கள் எங்கள் போயாவைத் தேடுகிறோம், அவ்வளவுதான்.

வாங்குகிறபோது ஒரு தொல்லை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கொரியர்காரர் இருக்கிறார், பெயர் வேண்டாம். ஒவ்வொரு பார்சலுக்கும் "தீவுப் பகுதி, டெலிவரி கிடையாது" என்று செய்தி அனுப்புகிறார். ஐயா, பாம்பனில் சாலைப் பாலம் 1988-லேயே திறந்தாயிற்று. அதைவிட, எங்கள் ஊர் பாலத்துக்கு இந்தப் பக்கம்! இதைப் போனில் சொன்னால், "மேப்பில் கடல் காட்டுது சார்" என்கிறார் அந்தப் பையன். கடல் காட்டாமல் என்ன காட்டும்? ஒவ்வொரு தடவையும் பஸ் ஏறி ராமநாதபுரம் போய் நானேதான் வாங்கி வருகிறேன், டெலிவரிக் கட்டணத்தையும் கட்டிவிட்டு.

உங்களுக்கு வருவோம். நீங்கள் அநேகமாகப் புதிதாகச் சம்பளம் வாங்குகிறவர், பத்தாயிரம் லுமன் என்று போட்ட விளம்பரத்தைப் பார்த்துக் கை அரிக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். வீட்டுக்கும் தெருவுக்கும் ஒளி விரிகிற சின்ன லைட் போதும். வயல், தோப்பு, கடல் என்றால் குவிகிற லைட். செல்லில் ஏமாறாதீர்கள். 18650-ல் 9900 எம்ஏஎச் (செல் எவ்வளவு மின்சாரம் கொள்ளும் என்ற அளவு) என்று அச்சடித்திருந்தால் பொய், நல்ல செல்லே பெரும்பாலும் 3500 பக்கத்தில்தான் நிற்கும். நிறுத்துப் பாருங்கள். நல்லது ஏறக்குறைய 45 கிராம் இருக்கும். நான் ஒன்றை அறுத்துப் பார்த்திருக்கிறேன் (நீங்கள் செய்யாதீர்கள்), உள்ளே சின்ன செல் ஒன்றை வைத்து மிச்சத்துக்கு ஏதோ மாவைப் போட்டு நிரப்பியிருந்தான்.

கடலுக்குக் கொண்டுபோனால் வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள், ரப்பர் வளையத்துக்கு சிலிக்கான் கிரீஸ் போடுங்கள். மறக்காமல் கயிறு கட்டிக் கையில் மாட்டுங்கள். இப்போது எங்களிடம் இருக்கிற சி8 இரண்டாவது. முதலாவது முசல் தீவுக்குத் தெற்கே என் கையிலிருந்து நழுவி, எரிந்துகொண்டே போனது. தண்ணீர் தெளிவு. மூன்று நான்கு ஆள் ஆழம் இறங்கி, அடியில் இருந்த பாறைப் பாரில் போய்ச் சாய்ந்து, அங்கேயும் எரிந்தது. வாப்பா எட்டி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எஞ்சினைத் தட்டிவிட்டுக்கொண்டே, "நல்ல லைட்டுதான்" என்றார்.