கட்டி ஒளிரும் ஊசிக்காக ஆபரேஷனைத் தள்ளிப்போடலாமா?

கேள்வி: அப்பச்சிக்கு நாக்கின் ஓரத்தில் புற்றுநோய் என்று பயாப்சியில் வந்துவிட்டது. மதுரையில் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் இருக்கும் தம்பி, 'ஊசி போட்டால் கட்டி மட்டும் ஒளிரும், மிச்சமில்லாமல் எடுக்கலாம், கொஞ்சம் பொறுங்கள்' என்கிறான். வீட்டில் படைப்பு (முன்னோருக்குப் படைத்துக் கும்பிடுவது) வேறு வருகிறது. இரண்டு மாதம் பொறுக்கலாமா?
- வாசகர், காரைக்குடி

பதில்: பொறுக்க வேண்டாம். கொடுத்த தேதியிலேயே செய்துவிடுங்கள். நாக்குப் புற்று கழுத்து நெறிகளுக்கு (நிணநீர்க் கணுக்களுக்கு) சீக்கிரம் இறங்கிவிடும். படைப்பைப் பற்றிப் பங்காளிகளிடம் பேசிக்கொள்ளலாம்.

தம்பி சொல்வது நிஜமான விஷயம்தான். வாய்ப் புற்றணுக்கள் பலவற்றின் மேல் ஈஜிஎஃப்ஆர் என்ற புரதம் மிகுதியாக இருக்கும். அதைத் தேடி ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடியுடன் ஒளிரும் சாயத்தைச் சேர்த்து, ஆபரேஷனுக்குச் சில நாள் முன்பே டிரிப்பில் ஏற்றுவார்கள். எங்கும் ஒட்டாமல் ரத்தத்தில் சுற்றுவது குறைய அவ்வளவு நாள் பிடிக்கும். அது குறைந்தால்தான் கட்டி தனித்துத் தெரியும். ஒளியின் அலைநீளம் சுமார் 800 நானோமீட்டர் என்பதால் வெறும் கண்ணுக்குப் படாது, தனி கேமரா வைத்துத் திரையில் பார்க்க வேண்டும். ஆழத்தில் இருப்பது மங்கிவிடும். அழற்சி கண்ட நல்ல சதையும் சில சமயம் ஒளிர்ந்து குழப்பும்.

வாய்ப் புற்றில் இது இன்னும் ஆராய்ச்சிக் கட்டம்தான். அமெரிக்காவில் மூளைக்கட்டிக்கு 2017-லும் சினைப்பைப் புற்றுக்கு 2021-லும் ஒளிரவைக்கும் மருந்துகளுக்கு அனுமதி கிடைத்தது. அந்த இரண்டுமே ஆன்டிபாடி அல்ல.

அப்பச்சிக்கு இப்போது முக்கியம், கட்டியைச் சுற்றி எவ்வளவு நல்ல சதை சேர்ந்து வருகிறது என்பது. சர்ஜன்களான நாங்கள் பொதுவாக விரலால் தடவிப் பார்த்து, கட்டியின் விளிம்பிலிருந்து 1 செ.மீ. தள்ளி வெட்டுவோம். எடுத்த சதை சுருங்கும், பிறகும் ரிப்போர்ட்டில் 5 மி.மீ.யாவது சுத்தமாக இருக்க வேண்டும் என்பது கணக்கு. ஆகவே சர்ஜனிடம் ஒன்றைத் தயங்காமல் கேளுங்கள்: 'ஃப்ரோசன் செக்‌ஷன் வசதி இருக்கிறதா?' நோயாளி மயக்கத்தில் இருக்கும்போதே வெட்டிய ஓரத்தை உறையவைத்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, அரை மணி நேரத்துக்குள் சொல்லிவிடுவார்கள். சந்தேகம் என்றால் அங்கேயே இன்னும் கொஞ்சம் எடுக்கலாம். ஒளிரும் ஊசி தரும் என்று தம்பி நம்பும் பலனில் பெரும்பகுதி இதிலேயே கிடைக்கும்.

அப்புறம், வெற்றிலை, புகையிலை இருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். பயாப்சி ஸ்லைடையும் பிளாக்கையும் (மெழுகில் பதித்த சதைத் துண்டு) லேபிலிருந்து வாங்கி வையுங்கள், காகித ரிப்போர்ட் மட்டும் போதாது. ஆபரேஷனுக்குப் பின் ரேடியேஷன் தேவை என்றால் 6 வாரத்துக்குள் தொடங்க வேண்டும். அதற்கு முன் பல் டாக்டரைப் பார்த்துவிட வேண்டும், ஆட்டம் கண்ட பல் இருந்தால் ஆபரேஷனின்போதே எடுத்துவிடலாம்.