வெள்ளம் வடியும்போது பறக்கும் பஞ்சு

கேள்வி: கனடாவில் லெத்பிரிட்ஜ் நகரில் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். ஜூன் மாதம் ஓல்ட்மேன் ஆற்றங்கரைக்குப் போனால், இலவங்காய் வெடித்ததுபோல் காற்றெல்லாம் வெள்ளைப் பஞ்சு. அது காட்டன்வுட் மரத்தின் விதை என்றும், வெள்ளம் வடியும் நேரம் பார்த்துத்தான் அந்த மரம் விதையை விடும் என்றும் மகள் சொன்னாள். வெள்ளம் வடிவது மரத்துக்கு எப்படித் தெரியும்? அந்தப் பஞ்சால் மருமகனுக்கு ஓயாத தும்மல். நம் காவிரிக்கரை மருத மரமும் இப்படித்தானா?
- ஒரு வாசகி, திருவையாறு

பதில்: முதலில் தும்மலை முடித்துவிடுவோம். அந்தப் பஞ்சின் மேல் பழி போடாதீர்கள். அது பெண் மரத்தின் விதையோடு வரும் மயிர், மகரந்தம் அல்ல. ஆண் மரங்கள் மகரந்தத்தை இலை விடுவதற்கு முன்பே, வசந்தத்தின் தொடக்கத்திலேயே உதிர்த்து முடித்துவிடும். பஞ்சு பறக்கும் அதே வாரங்களில் அங்கே புற்கள் பூக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத புல் மகரந்தம் தும்ம வைக்கிறது. கண்ணுக்குத் தெரியும் பஞ்சு மாட்டிக்கொள்கிறது.

இனி உங்கள் பெரிய கேள்வி. மகள் சொன்னது நடப்பில் சரி. ஆனால் மரம் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை.

காட்டன்வுட் பாப்லர் இனத்து மரம். விதை மிகச் சிறியது; முளைக்குக் கொடுத்தனுப்பும் உணவுச் சேமிப்பு அதற்குள் கிடையாது. மரத்தைவிட்டு வந்தபின் ஓரிரு வாரமே உயிர்ப்போடு இருக்கும். அதற்குள் ஈரமான, வேறு செடி மூடாத, வெயில் படும் வண்டல் கிடைத்தாக வேண்டும். கிடைத்தால் ஓரிரு நாளில் முளைத்துவிடும். அப்படிப்பட்ட வண்டல் ஆற்றங்கரையில் எப்போது இருக்கும்? ராக்கி மலைப் பனி உருகி வந்த வெள்ளம் உச்சத்தைத் தொட்டு, இறங்கத் தொடங்கும்போதுதான். ஓல்ட்மேன் ஆற்றில் அது பெரும்பாலும் ஜூன்.

முந்தினால் விதை வெள்ளத்தோடு போய்விடும். பிந்தினால் நீர் விளிம்பை ஒட்டி முளைக்கும். குளிர்காலப் பனிக்கட்டியோ அடுத்த வெள்ளமோ அதைப் பெயர்த்துக்கொண்டு போகும். சரியான நேரத்தில் விழுந்தாலும் பாடு தீர்வதில்லை. ஜான் மஹோனி, ஸ்டூவர்ட் ரூட் என்ற இரு ஆய்வாளர்கள் இந்த ஆறுகளில் ஆண்டுக்கணக்கில் பார்த்து 1998-இல் ஒரு கணக்கை எழுதினார்கள். கோடைக் கடைசியின் தாழ்ந்த நீர்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 60 முதல் 200 சென்டிமீட்டர் உயரத்துக்குள் முளைத்த நாற்றுக்கே வாழ்வு. ஈரம் கீழே இறங்க இறங்க வேரும் துரத்திக்கொண்டு இறங்க வேண்டும்; நாளொன்றுக்கு 2.5 சென்டிமீட்டருக்கு மேல் நீர்மட்டம் சரிந்தால் நாற்று காய்ந்துவிடும். எல்லாம் கூடிவருவது ஐந்து பத்து ஆண்டுக்கு ஒருமுறைதான். ஆனாலும் ஒவ்வோர் ஆண்டும் மரம் லட்சக்கணக்கில் விதையை விட்டுக்கொண்டே இருக்கிறது. அந்த விடாமுயற்சியை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

சரி, நேரம் எப்படி அமைகிறது? வெப்பத்தால். வசந்தத்தில் நாள்தோறும் சேரும் வெப்பம் ஓர் அளவை எட்டும்போது காய் முற்றி வெடிக்கிறது. கலிஃபோர்னியாவின் சான் வாக்கின் ஆற்றுப் பகுதியில் இந்த வெப்பக் கூட்டுத்தொகையை வைத்தே விதை பறக்கும் நாளை முன்கூட்டிக் கணித்துக் காட்டி 2006-இல் வெளியிட்டார்கள். மலைமேல் பனியை உருக்குவதும் அதே வெப்பம்தான். குளிர் நீண்டால் காயும் தாமதம், வெள்ளமும் தாமதம். மரமும் ஆறும் ஒன்றையொன்று அறியாமல் ஒரே வெயிலுக்குக் கட்டுப்படுகின்றன. இந்தப் பொருத்தம் தப்பிய மரங்களின் பிள்ளைகள் பிழைக்கவில்லை. பொருந்திய மரங்களின் வழித்தோன்றல்களைத்தான் நீங்கள் அங்கே பார்த்தீர்கள்.

அதனால்தான் அணைகள் இந்த மரத்துக்கு எமனாகின்றன. அணை, தண்ணீரைப் பிடித்துவைக்கும். வெயிலைப் பிடித்துவைக்க முடியாது. மரம் வழக்கம்போல் ஜூனில் விதையை விடுகிறது, கீழே வெள்ளம் இல்லை. பக்கத்துச் செயின்ட் மேரி ஆற்றில் 1951-இல் அணை கட்டி முடித்தார்கள். 1961-க்கும் 1981-க்கும் இடையில் அணைக்குக் கீழிருந்த காட்டில் ஏறத்தாழப் பாதி போய்விட்டது. பிறகு 1995 ஜூனில் பெருவெள்ளம் வந்தபோது, உச்சம் தணிந்தபின் மதகைச் சட்டென்று அடைக்காமல் நீரைப் படிப்படியாகக் குறைத்தார்கள். கரையில் நாற்றுகள் எழுந்தன. நெவாடாவின் டிரக்கி ஆற்றில் நடந்தது இன்னும் அருமை: அழியும் நிலையிலிருந்த குய்-உய் மீன் முட்டையிட வேண்டும் என்பதற்காக வசந்தத்தில் தண்ணீர் விட்டார்கள், 1987-இல் காட்டன்வுட் நாற்றுகளும் சேர்ந்து முளைத்தன. கூடுதலாக ஒரு சொட்டுத் தண்ணீரும் தராமல், திறக்கும் நாளையும் குறைக்கும் வேகத்தையும் மாற்றியே ஓரளவு காட்டை மீட்கலாம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அணை நிர்வாகம் செய்பவர்கள் மரத்தின் நாட்குறிப்பையும் மேசையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மருத மரத்தின் வழி வேறு. அதன் காய் கட்டைபோல் உறுதியானது, ஐந்து சிறகு விளிம்புகள் கொண்டது, நீரில் மிதக்கும். கோடையில் முற்றி, மழைக்கு முன் உதிர்கிறது. விதை பல மாதங்கள் உயிர்ப்போடு கிடக்கும் என்பதால் காட்டன்வுட்டின் அவசரம் அதற்கு இல்லை. காட்டன்வுட்டுக்கு நம் பக்கத்து உறவு வேண்டுமென்றால், மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைக்கரைகளில் நிற்கும் ஆற்றுப்பாலையைப் பாருங்கள். அதே குடும்பம், அதன் விதையும் பஞ்சோடுதான் பறக்கிறது.