‘வாழ்நாள் லைசென்ஸ்’ வாங்கும் முன் உங்கள் ஊர்ப் பெயரை அடித்துப் பாருங்கள்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர், ஸ்ரீவில்லிபுத்தூர். எங்கள் பக்கத்துக் கண்மாய்களைப் பற்றிப் புத்தகம் எழுத நாலு நோட்டு நிறையக் குறிப்பு சேர்த்திருக்கிறேன். மைண்ட் மேப் மென்பொருளில், அதாவது நடுவில் தலைப்பும் சுற்றிலும் கிளை கிளையாகக் குறிப்புகளும் வரும் வரைபடமாகப் போட்டால், ஒழுங்குக்கு வரும் என்கிறார்கள். தெரிந்த கம்ப்யூட்டர் கடைக்காரர் 2,500 ரூபாய்க்கு ‘வாழ்நாள் லைசென்ஸ்’ போட்டுத் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?

வாங்காதீர்கள் ஐயா. எந்த மென்பொருள் நல்லது என்று அப்புறம் பார்க்கலாம், முதலில் இந்த ‘வாழ்நாள்’ விஷயத்தை முடித்துவிடுவோம். நான் பார்த்தவரை இப்படி விற்பதில் இரண்டு வகை. ஒன்று, பூட்டை உடைத்த திருட்டுப் பிரதி. போடும்போதே “ஆன்டிவைரஸைக் கொஞ்சம் அணைத்து வையுங்கள்” என்பார்கள், அந்த வார்த்தை காதில் விழுந்ததுமே லேப்டாப்பை மூடிவிட்டு வந்துவிடுங்கள். இன்னொன்று இதைவிட மோசம். கணக்கு உண்மையானதுதான், ஆனால் அது விற்பவரின் மின்னஞ்சலில் இருக்கும், கடவுச்சொல்லும் அவர் கையில், அதே கணக்கைப் பத்துப் பேருக்கு விற்றிருப்பார். நிறுவனம் கண்டுபிடித்து முடக்கினால் உங்கள் நாலு நோட்டுக் குறிப்பும் அதோடு போகும். “என் பெயரில் பில், என் மின்னஞ்சலில் லைசென்ஸ், இரண்டும் வருமா?” என்று நேராகக் கேளுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

உங்கள் வேலைக்குக் காசே தேவையில்லை. ஃப்ரீபிளேன் என்று ஒன்று இருக்கிறது, இலவசம், திறந்த மூல மென்பொருள், இணையம் இல்லாமல் உங்கள் கம்ப்யூட்டரிலேயே ஓடும். அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். தேடலில் மேலே வரும் விளம்பரப் பச்சைப் பொத்தானை அழுத்தி வேண்டாததை இறக்கிக்கொண்டவர்கள் ஏராளம். பார்க்கக் கொஞ்சம் பழைய பாணியில் இருக்கும், அதனால் என்ன. நடுவில் ‘கண்மாய்’ என்று அடியுங்கள். டேப் விசையைத் தட்டினால் கிளை, என்டர் தட்டினால் பக்கத்துக் கிளை. வரத்துக்கால், கரை, மடை, கலிங்கு, ஆயக்கட்டு என்று வரிசையாக வந்துவிடும். ஒரு கிளையில் நாலு சொல்லுக்கு மேல் வேண்டாம், நீளமான குறிப்பை அந்தக் கிளையின் ‘நோட்’ பகுதியில் போடுங்கள். மடை திறப்பவர் சொன்ன கதை மடையின் கீழ் வர வேண்டுமா, ஆயக்கட்டின் கீழ் வர வேண்டுமா என்று குழப்பமா, இழுத்து அங்கே வைத்துப் பாருங்கள், பிடிக்காவிட்டால் திரும்ப இழுங்கள். இதற்காகத்தான் ஐயா மென்பொருளே. 1974-இல் பிபிசி தொலைக்காட்சியில் டோனி புசான் மைண்ட் மேப்பைப் பிரபலமாக்கியபோது தாளும் கலர் பேனாவும்தான். தாளில் கிளையை இடம் மாற்ற முடியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஃப்ரீபிளேனைச் சொல்ல முக்கியக் காரணம் வேறு. அதில் மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து நகலெடுத்து நோட்பேடில் ஒட்டினால் கிளை வரிசைப்படி உள்ளே தள்ளித் தள்ளி எழுத்தாகவே விழும். போட்டதை வெளியே எடுக்க முடிய வேண்டும், எனக்கு அதுதான் முதல் சோதனை. நான் முன்பு மூன்று வருடம் என் குறிப்புகளை ஒரு இணையச் சேவையில் சேர்த்து வைத்திருந்தேன், அவர்கள் கடையை மூடியபோது படமாக மட்டுமே எடுத்துக்கொள்ள முடிந்தது. படத்தில் ஒரு சொல்லைக்கூடத் தேட முடியாது.

இரண்டாவது சோதனை தமிழ். ‘ஸ்ரீவில்லிபுத்தூர்’ என்று அடியுங்கள், கீழே ‘கொண்டுபோன தண்ணீர்’ என்று அடியுங்கள், பிடிஎஃப் ஆக்குங்கள். ‘கொ’வில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் புள்ளி வட்டம் வந்தால் அந்த மென்பொருளைப் பிடிஎஃப் எடுக்க நம்பாதீர்கள். யூனிகோடில் மட்டும் தட்டுங்கள், எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழ் தமிழாகவே தெரியும் பொதுக் குறியீட்டு முறை அது. தமிழக அரசு 2010-லேயே யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது, ஆனாலும் இன்று வரைக்கும் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் கொண்டு வா என்று திருப்பி அனுப்பும் அலுவலகங்களும் அச்சகங்களும் இருக்கின்றன, எத்தனை வருடம்தான் இதையே சொல்வது! அச்சகம் கேட்டால் கடைசியில் ஒருமுறை மாற்றிக் கொடுங்கள், அதற்காக மூலத்தையே பாமினியில் அடித்து வைக்காதீர்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு. வேறு ஊரில் இருக்கும் மகனோ மகளோ உங்களோடு ஒரே நேரத்தில் அதே வரைபடத்தில் எழுதப் போகிறார்கள் என்றால் ஃப்ரீபிளேன் சரிப்படாது, இணையத்தில் ஓடுவதுதான் வேண்டும். மைண்ட்மைஸ்டர் என்ற சேவையின் இலவசக் கணக்கில் சில வரைபடங்கள்தான் தருகிறார்கள். காகிள் (Coggle) என்ற இன்னொரு சேவையில் இலவசமாகத் தனிப்பட்டது மூன்று, மற்றவை பொதுவில் திறந்திருக்கும், இதைக் கவனிக்காமல் நிலத் தகராறு பற்றிய குறிப்பையெல்லாம் போட்டுவிடாதீர்கள். மூன்று போதாது என்று உடனே கார்டு எண்ணைக் கொடுக்க வேண்டாம். கண்மாய்க்கு ஒரு வரைபடம் போடாமல் எல்லாக் கண்மாயையும் ஒரே வரைபடத்தில் கிளையாக்குங்கள். கணக்கு உங்கள் மின்னஞ்சலிலேயே இருக்கட்டும், பிள்ளையை அழைப்பு அனுப்பிச் சேருங்கள். ஒரே கடவுச்சொல்லை இரண்டு பேர் வைத்திருந்தால் யார் எதை அழித்தார்கள் என்றே தெரியாது. மாதம் ஒருமுறை வெளியே எடுத்துப் பென்டிரைவில் வையுங்கள். பென்டிரைவ் இருக்கும் இடம் பிள்ளைக்கும் தெரிந்திருக்கட்டும்.

நாலு நோட்டையும் ஒரே மூச்சில் ஏற்ற வேண்டாம். ஒரே ஒரு கண்மாயின் குறிப்பை மட்டும் போட்டு, ஒரு வாரம் பழகிவிட்டு, எங்கே சிக்குகிறது என்று எழுதுங்கள்.